விரதத்தில் அம்மாவுக்கு ஏற்றிய உப்பு

என் அம்மா என்னைப் பார்த்து, "யாரு நீங்க? கடை இன்னிக்கு லீவுங்க" என்று சொன்னது இந்த வருடப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் அவருக்கு ஒரே பெண். சமயபுரத்தாளை நம்பும் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று பெரியம்மா சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். அம்மா வீட்டு முன்னறையில் கிரைண்டர் வைத்து இட்லி மாவு விற்கிறார். நான் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பாய்லர்களில் பொருத்தும் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் வேலை. அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா, பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு எங்களுக்கு இருக்கும் உறவு பெரியம்மா ஒருவர்தான்.

அப்பா இறந்தது ரத்தக் கொதிப்பால். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. அவருக்கு டாக்டர் கொடுத்தது மூன்று மாத்திரைகள். அப்பா அவற்றைத் தன் இஷ்டத்துக்குச் சாப்பிட்டார். தலை சுற்றினால் ஒன்று. கோபம் வந்தால் இன்னொன்று. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மருந்து?" என்பார். நன்றாக இருக்கும்போதே போய்விட்டார்.

அப்புறம் அம்மாவுக்கும் ரத்தக் கொதிப்பு வந்தது. அவருக்கும் மூன்று மாத்திரை. அம்மா இரண்டை ஒழுங்காகப் போட்டுக்கொள்வார், மூன்றாவதை மட்டும் விட்டுவிடுவார். அது சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை. "மாவு வாங்க ஆள் நிக்கறப்ப நான் எப்பிடிடி உள்ள ஓடறது?" என்று கேட்பார். அளவு இறங்கவே இல்லை. போன ஐப்பசியில் டாக்டர் மூன்று மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். "இனிமே இதுல எதை விடுவீங்க? சாப்பிட்டா மூணையும் சாப்பிடணும்" என்று சிரித்தார். அம்மா அதைத் தவறாமல் சாப்பிட்டார். தை மாதத்துக்குள் அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. அப்பாவுக்கு இது கிடைக்கவில்லையே என்று நான் தனியாக அழுதேன்.

அம்மாவின் உடம்பு தேறியதைப் பார்த்துப் பெரியம்மா சொன்னார்: "எல்லாம் ஆத்தா புண்ணியம், தனம். உன் வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நீ விரதம் இருக்கல. இந்த வருஷம் என்கூட இரு."

சமயபுரத்தாளின் பச்சைப் பட்டினி உங்களுக்குத் தெரியும். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி நான்கு வாரம், பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளு மாவு, பானகம், இளநீர், நீர்மோர் இவைதான். எங்கள் குடும்பத்தில் அந்த நான்கு வாரமும் ஒருவேளைச் சாப்பாடு. அதிலும் உப்பு சேர்ப்பதில்லை. மோரில்கூட உப்பு கிடையாது.

அம்மாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "டாக்டரும் உப்பக் குறைங்கறாரு, ஆத்தாளும் உப்பு வேணாங்கறா. ரெண்டு பேரும் பேசிவச்சிக்கிட்டாங்க போலருக்கு" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். விரதம் என்றாலும் மாத்திரையை விடக் கூடாது என்று நான் சொன்னேன். அம்மா விடவும் இல்லை. யாரும் யாருக்கும் தெரியாமல் எதையும் செய்யவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தோம். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

இரண்டாவது வாரத்தில் தொடங்கியது. முதலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பிறகு தலைவலி. பிறகு குமட்டல். பிறகு, உளுந்தை ஊறப்போட்டோமா என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. கால் வலி, நின்றுகொண்டே இருப்பதால். தலைவலி, வெயிலால். குமட்டல், வெறும் வயிற்றால். மறதி, வயதால். வெயிலுக்கு நல்லது என்று பானகமும் தண்ணீரும் சொம்பு சொம்பாகக் குடித்தார். நான் தினமும் காலையில் ரத்த அழுத்தம் பார்த்தேன். அளவு நன்றாகவே இருந்தது. ஒரு கருவி தான் அளப்பதை மட்டும்தான் சொல்லும் என்பது என் தொழிலின் முதல் பாடம். வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பூத்தட்டு எடுத்தார்கள். பம்பை அடிக்க ஆரம்பித்ததும் அம்மா ஆடினார். கண் மேலே செருகியது. கால் நிலைகொள்ளவில்லை. கையிலிருந்த தட்டு விழுந்து பூவெல்லாம் சிதறியது.

"அருள் வந்திருச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

பெண்கள் சுற்றி நின்று குலவை போட்டார்கள். பெரியம்மா அழுதுகொண்டே, "எங்கம்மாவுக்கு வந்த மாதிரியே வந்திருக்காடி என் தங்கச்சிக்கு" என்றார். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இன்னொரு சொம்பு பானகம் புகட்டினார்கள். எதிர்வீட்டு மல்லிகா அக்கா காலில் விழுந்து, "ஆத்தா, என் மவனுக்குத் துபாய் விசா வருமா?" என்று கேட்டார்.

அம்மா அவரை வெறித்துப் பார்த்து, "உளுந்து ஊறல" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்ங்கறா ஆத்தா" என்று பக்கத்திலிருந்தவர் விளக்கம் சொன்னார். மல்லிகா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். எனக்கு அப்பாவின் கடைசி நாள் ஞாபகம் வந்தது. அன்றும் பேச்சுதான் முதலில் குழறியது.

கூட்டத்தை விலக்கிப் போய், "அம்மா, நான் யாரு?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னார். யாரு நீங்க. கடை இன்னிக்கு லீவுங்க.

"பெரியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆத்தா ஏறின உடம்ப ஊசி குத்தவாடி கூட்டிட்டுப் போற? ரெண்டெழுத்துப் படிச்சிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

அத்தனை பேர் நடுவில் நான் ஒருத்தி. அம்மாவை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. கருவறையைப் பார்த்தேன். எனக்குப் பெரிய ஸ்தோத்திரம் எதுவும் தெரியாது. மனதுக்குள் இவ்வளவுதான் சொன்னேன்: தாயே, இது நீ என்றால் இப்போதே அம்மா உடம்பை விட்டு மலையேறு. நீ இல்லை என்றால் இவர்களுக்கு அதைக் காட்டு.

சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அதை அவள் சொல்லிக்கொடுத்தாள் என்றுதான் நம்புகிறேன். "சரிங்க பெரியம்மா. முதல்ல கற்பூரம் காட்டி மலையேறச் சொல்லுங்க. ஆத்தா மலையேறட்டும், அப்புறம் பேசுவோம்" என்றேன்.

அருள் வந்தவர்களுக்கு அதுதானே வழக்கம். யாரும் மறுக்கவில்லை. பூசாரி உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக் காட்டி, நெற்றியில் திருநீறு பூசி, "போதும் தாயி, மலையேறு" என்றார். வழக்கமாக அந்த நேரத்தில் உடம்பு ஒரு முறை துவண்டு, ஆள் கண்ணைத் திறந்து, கூச்சத்தோடு சேலையைச் சரிசெய்துகொள்வார். அம்மா கற்பூரத்தையே பார்க்கவில்லை. பூசாரி மறுபடியும் காட்டினார். பெரியம்மா அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "தனம், தனம்" என்று கூப்பிட்டார். அம்மா, "உளுந்து" என்றார்.

பெரியம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"மலையேறுன்னு சொன்னா கேக்காம நிக்க மாட்டா எங்க ஆத்தா" என்றார் மெதுவாக. பிறகு கத்தினார்: "இது ஆத்தா இல்லடி! ஆட்டோவக் கூப்பிடு, கூப்பிடு!"

காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அம்மாவுக்கு வலிப்பு வந்தது. பெரியம்மா மடியில் தலை. என் கையில் கால். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், என் வயதுப் பெண், என்ன மாத்திரை என்று கேட்டார். மூன்று மருந்தின் பெயரையும் சொன்னேன். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். விரதத்தைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மூணுல ஒண்ணு, உப்பைச் சிறுநீர்ல வெளியேத்துற மருந்துங்க. சாப்பாட்டுல உப்பு உள்ள போகல. வேர்வையில வேற போயிருக்கு. மேல மேல தண்ணி. அப்புறம் ரத்தத்துல உப்பு எங்க இருக்கும்? அதான் மூளை வீங்கியிருக்கு."

"விஷத்தையாம்மா ஒண்ணுல மூணா வச்சிக் குடுத்தீங்க?" என்று பெரியம்மா கேட்டார்.

"விஷம் இல்லங்கம்மா. இத்தன மாசம் அவங்கள காப்பாத்தினதே அதுதான். உப்புக் குறைங்கன்னா உப்பே வேணாம்னு அர்த்தம் இல்ல. விரதம் இருக்கப்போறாங்கன்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட யாராவது சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்போம்."

அது நியாயம். விரதத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சாமி விஷயம் வீட்டோடு, மருந்து விஷயம் ஆஸ்பத்திரியோடு என்று இருந்துவிட்டோம்.

அம்மாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நான் வெளியில் உட்கார்ந்து சமயபுரத்தாளிடம் மூன்று கேட்டேன். ஒன்று, அம்மா பிழைக்க வேண்டும். இரண்டு, என்னை அடையாளம் தெரிய வேண்டும். மூன்று, இது சீக்கிரம் நடக்க வேண்டும்.

சனிக்கிழமை போயிற்று. அம்மா படுக்கையில் கையைப் பிசைந்துகொண்டே இருந்தார், மாவு கரைப்பது போல. குழாயைப் பிடுங்கியதால் கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். நான் டாக்டரிடம், இன்னும் வேகமாக ஏற்றக் கூடாதா என்று கேட்டேன்.

"வேகமா ஏத்தினா மூளையில நிரந்தரமாப் பாதிப்பு வந்துடும். பேச்சு போயிடலாம், கை கால் போயிடலாம். மெதுவாத்தான் ஏத்தணும். நீங்க பொறுத்துக்கிட்டுதான் ஆகணும்."

நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். அதுவரை நான் மன்றாடிக் கேட்ட மூன்றாவது வரம், அம்மாவை அழித்திருக்கும். அதை அவள் எனக்குத் தரவில்லை. அதற்குப் பிறகு நான் சீக்கிரம் என்ற சொல்லை எடுக்கவில்லை. 'நீ பார்த்துக்கொள்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பிற்பகல் நர்ஸ் வந்து கூப்பிட்டார். அம்மா கண் திறந்திருந்தார். வெகுநேரம் பார்த்தார். "ஏன்டி நித்யா, வேலைக்குப் போகல?" என்றார்.

சோதனை அதோடு முடியவில்லை. தெளிவு வந்ததும் அம்மா கையில் ஏறுவது என்ன என்று கேட்டார். பெரியம்மா உப்பு என்று சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் அப்படியே சுருங்கியது. "விரதத்தக் கெடுத்துட்டீங்களே. ஆத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார். வாயை மூடிக்கொண்டார். உப்புப் போட்ட கஞ்சி வந்தது, தொடவில்லை. டாக்டர் சொல்லியும் தொடவில்லை. நான் கெஞ்சியும் தொடவில்லை. பிழைத்த அம்மா இதில் போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கினார்.

"ஏய், அவ எதுக்குடி பட்டினி கிடக்கறா? நாம சாப்பிட்டு நல்லாருக்கணும்னு தானே? அவ உனக்காகக் கிடக்கறா, நீ இங்க செத்துக் கிடந்தா அவ பட்டினிக்கு என்னடி மரியாதை? வாயத் திற."

அம்மா அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். முதல் கரண்டியை விழுங்கும்போது இரண்டு பேரும் அழுதார்கள். பெரியம்மா அதே கரண்டியில் ஒரு வாய் எடுத்துத் தானும் சாப்பிட்டார். அவருடைய விரதமும் அங்கேயே, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிந்தது.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பூத்தட்டு எடுத்த நாளில் இருந்து அந்த ஞாயிறு வரை நடந்த எதுவும் அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. பேசும்போது சொல் வராமல் நிற்கிறார். கிரைண்டரைப் பெரியம்மாதான் பார்த்துக்கொள்கிறார். சில மாலைகளில் அம்மா வாசலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார், என்ன யோசிக்கிறார் என்று தெரிவதில்லை. ஆனால் இருக்கிறார். என் பெயர் தெரிகிறது. டாக்டர் இப்போது இரண்டு மருந்து சேர்ந்த வேறொரு மாத்திரை கொடுத்திருக்கிறார். பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அப்பா எங்களுக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வைகாசியில் மூன்று பேரும் சமயபுரம் போனோம். உப்பும் மிளகும் காணிக்கை போடும்போது அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன். கேட்ட இரண்டைத் தந்ததற்கும் மூன்றாவதைத் தராததற்கும் நன்றி சொன்னேன்.

உங்களில் யாராவது இன்று மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவளைக் கூப்பிடுங்கள். பதில் தாமதமானால் அவள் காதில் விழவில்லை என்று எண்ண வேண்டாம். வீட்டில் விரதம் இருப்பவர்கள் இருந்தால், கையோடு டாக்டரிடமும் போய், விரதத்தில் என்ன சாப்பிடுவீர்கள், எதை விடுவீர்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். அதில் பக்தி குறைந்துபோகாது. நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதான் அவள் பட்டினி கிடக்கிறாள்.