ஷீடாக்கே வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய சனிக்கிழமை

சென்ற ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் ஒரு காளான் பண்ணைக்குப் போனோம். ஸ்டெல்லாவுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். அவள் அண்ணன் நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் இறந்தவர். ஷீடாக்கே என்ற ஜப்பானியக் காளான் கொழுப்பைக் குறைக்கும் என்று எங்கோ படித்து அவளிடம் சொன்னவன் நான்தான். இரண்டு மாதமாகக் கடைப் பொடியைச் சாப்பிட்டு வந்தாள். அதில் என்ன கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், விளைகிற இடத்திலேயே வாங்கலாம் என்று கிளம்பினோம்.

காலை 7.10க்குப் புதிய பேருந்து நிலையத்தில் பஸ். தலைக்கு 55 ரூபாய். மல்லூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. ஐம்பத்திரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம். நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டுவிட்டு (ஆம்லெட் சுமார்தான், முட்டை ஊர் என்று ஏமாறாதீர்கள்) ஆட்டோ பிடித்தோம். சேந்தமங்கலம் சாலையில் ஏழு கிலோமீட்டர், 200 ரூபாய்.

"காளான் பண்ணைங்களா? முன்னாடி அது கோழிப் பண்ணைங்க. இப்ப கோழிக்குப் பதிலா ஏசி ஓடுதுங்க" என்றார் ஓட்டுநர்.

பண்ணையை நடத்துபவர் செல்வி. நாற்பதைத் தாண்டியவர். கொட்டகை முழுக்கப் பால் காளான். ஒரு சிறிய அறையில் மட்டும் ஷீடாக்கே. இந்த வெயிலுக்கு அது வராது என்பதால் பதினெட்டு டிகிரிக் குளிரில் வைத்திருக்கிறார். மரத்தூள் அடைத்த பைகளில் பழுப்புக் குடைகள் முளைத்திருந்தன. ஸ்டெல்லா ஒன்றைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனாள். செல்வி அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"பச்சையாத் திங்காதீங்க! நான் ஒருக்கா அரைவேக்காடாத் தின்னுபோட்டு, ரெண்டு நாள் கழிச்சு முதுகு பூராச் சாட்டையில அடிச்சாப்பல செவப்புக் கோடு. ஊரே எம்பட ஊட்டுக்காரர மொறைச்சுதுங்க. காளான்தான் காரணம்னு டாக்டர் சொன்ன பொறவுதான் அவரு தலை நிமிந்தாரு."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "நீங்க எதுக்குங்க வாங்கறீங்க?"

"கொலஸ்ட்ராலுக்கு" என்றாள் ஸ்டெல்லா.

"மாத்திரை சாப்புடறீங்கல்ல?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்தபடி, "நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றாள். எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

செல்வி எடுத்து வைத்த பொட்டலத்தைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க. இது சத்தான சாப்பாடுங்க, மருந்தில்ல. டாக்டரப் பாத்துட்டு வாங்க, தாரேன்."

சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றபோது, "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்கதான படிச்சுக் காட்டுனீங்க, இதச் சாப்பிட்டா மாத்திரையே வேண்டாம்னு."

படித்தது உண்மை. அதை அவள் நம்புவாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

திங்கட்கிழமை ரத்தப் பரிசோதனை. கொழுப்பு, மாத்திரை தொடங்கும் முன்பு இருந்ததைவிடக் கூடியிருந்தது. மருத்துவர் திட்டவில்லை, மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்து, வேகவைத்த காளானை உணவாகச் சாப்பிடலாம் என்றார். மூன்று வாரம் கழித்துப் போனபோது செல்வி நூறு கிராம் உலர் காளான் தந்தார், 300 ரூபாய்.

போக நினைப்பவர்களுக்கு: முதல்நாளே பேசிவிட்டுப் போங்கள், குளிர் அறைக்கு ஒரு சால்வை நல்லது. ஷீடாக்கேயில் நார்ச்சத்து, பி வைட்டமின்கள், செம்பு உண்டு. குடையின் அடிப்பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காயவைத்தால் வைட்டமின் டி கூடும். கொழுப்பைக் குறைக்கும் பொருள் அதில் இருப்பதாகச் சொல்வதற்கு ஆதாரம் பெரும்பாலும் விலங்குகளில் நடந்த ஆய்வுகள்தான். உலர்ந்ததை ஊறவைத்து, நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், மாத்திரையும் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். ஒரே வீட்டில் இருந்தும் நான் இரண்டு மாதம் கேட்கவில்லை.