இருட்டறையில் அப்பா

உலகத்துச் சமகாலக் கலைஞர்கள் எல்லாரும் என் தங்கை மகளைக் கேட்டுத்தான் தூரிகையையே தொட்டார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அவள் அந்தக் கலையைப் படிக்க வெளிநாடு போனாள். அங்கே நடந்த பெரிய சர்வதேசக் கண்காட்சிதான் அவளுக்கு வகுப்பறை.

அதில் ஓர் இருட்டறை. வருகிறவர்கள் மைக்கில் எதையாவது பேசலாம். அந்தக் குரல்களைப் பதிந்து வைத்து, அறை தன் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி ஒலிக்கவிடும். மகளைப் பார்க்கப் போன அவள் அப்பாவும் மைக் முன்னால் நின்றார். "நீ வெளிய நில்லும்மா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று அவளைத் துரத்திவிட்டுத்தான். வீடு திரும்பிய மாதமே கண்ணை மூடிவிட்டார்.

கண்காட்சி முடிந்ததும் குரல்களை அழித்துவிடுவார்களாம். மற்ற மாணவர்கள் கூடம் கூடமாகச் சுற்றிக் குறிப்பெடுக்க, இவள் அந்த இருட்டிலேயே கிடந்தாள். யார் யாரோ சிரித்தார்கள், பாடினார்கள். அப்பா குரல் மட்டும் வரவில்லை. கடைசி நாள், கதவைச் சாத்தும் நேரத்தில், அவள் காதருகே கணீரென்று, "கண்ணு, அழாம படி" என்றார்.

"பெரியம்மா, அவர் பேசவே இல்ல" என்கிறாள், நான் எழுத எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவள். "பேசறதுக்கு முன்னாடி வழக்கம்போலத் தொண்டையைச் செருமினாரு. நான்தான் 'சொல்லுங்கப்பா'ன்னேன். அதுக்குள்ள லைட்டைப் போட்டுட்டாங்க."