எந்த ஏவுகணைக்கு எத்தனை ஸ்டார்?

வான் தற்காப்பு ஏவுகணைகளை ஒப்பிட்டு எழுதுவது என் வேலை, "எது பெஸ்ட்?" என்று கேட்பவர்களிடம் மாட்டாமல் வீடு போய்ச் சேருவது அதைவிடப் பெரிய வேலை. செய்தித் தளங்களில் குப்பை கொட்டும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வளைகுடாவில் ஏவுகணைகள் பறந்துகொண்டிருந்த வாரம் அது. தெம்பனிஸ் அடுக்குமாடியில் என் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவின் மகன் ரியாஸ் அந்த வளைகுடாவில்தான் வேலையில் இருக்கிறான். அக்கா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

எடிட்டரின் ஆசை

எங்கள் எடிட்டர் சிவாவுக்கு ஓர் அட்டவணை வேண்டுமாம்: எந்த ஏவுகணை, எந்த நாட்டிடம், ஐந்துக்கு எத்தனை ஸ்டார். இது என்ன ஹோட்டலா? விளம்பரத்தில் போடும் தூரம், உயரத்தில் வரும் பெரிய விமானத்துக்கு. தரையோடு தரையாக வரும் ட்ரோன், கிட்டே வந்தபிறகுதான் ரேடாருக்கே தெரியும். கையிருப்பு எவ்வளவு, எந்த இடத்தைக் காக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் மார்க் போட முடியாது என்று தொண்டை வற்றக் கத்தினேன். மனுஷன் தானே ஸ்டாரைப் போட்டு, என் பெயரில் வெளியிட்டுவிட்டார்! சண்டைக்குப் போனால் சிரிக்கிறார்.

"அதெல்லாம் யாரு படிப்பா கலா? ஸ்டார் போட்டாதான் கிளிக் பண்ணுவாங்க லா."

தேக்காவில் ஒரு மத்தியானம்

மறுநாள் தேக்கா சந்தை உணவுக்கடையில் நிம்மதியாக ஒரு பரோட்டா தின்ன விட்டார்களா? பக்கத்து மேசையில் இரண்டு பேர் என் அட்டவணையைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். எஸ்-400 நானூறு கிலோமீட்டர், அயன் டோம் எழுபதுதான், அப்புறம் என்ன பேச்சு என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒண்ணு தூரத்துல வர்ற விமானத்துக்கு, இன்னொண்ணு பக்கத்துலேர்ந்து வர்ற ராக்கெட்டுக்கு. கூரையையும் குடையையும் ஒரே தராசுல வைப்பீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும், நீங்க எந்தக் கட்சி?"

மும்தாஜ் அக்கா வீட்டு வாசல்

அன்று சாயங்காலம் மும்தாஜ் அக்கா முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நீ எழுதினத பாத்தேன்மா. ரியாஸ் இருக்கிற ஊருல மூணு ஸ்டாருதான். பக்கத்து நாட்டுல அஞ்சு. பிளைட்டு இல்லயே, அதான் கார்லயே எல்லை தாண்டிப் போயிடுன்னு சொல்லிட்டேன். பையக் கட்டிக்கிட்டிருக்கான்."

 வெளியே வராதீர்கள் என்று அந்த ஊர் அரசாங்கமே சொல்லியிருக்கிறது, இந்தப் பிள்ளை பாலைவன ரோட்டில் மணிக்கணக்கில் கார் ஓட்டப் போகிறானா? "அக்கா, உடனே போன் போடுங்க, போக வேணாம்னு சொல்லுங்க!" நல்லவேளை, எடுத்தான். சாவி கையில்தான் இருந்ததாம். ஸ்டாரை நம்பாதே, அந்த ஊர் அரசாங்கம் சொல்கிறபடி உள்ளேயே இரு என்று நானும் கெஞ்சினேன். சரி என்றான்.

அக்கா கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அப்ப எந்த ஊரு நல்லதும்மா?" என்றார். அவன் வீட்டுக்கு மேலே எது காவலுக்கு இருக்கிறது, எது வந்து விழும் என்பது எனக்குத் தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னா ஏம்மா ஸ்டார் போட்டே?"

விடிந்ததும் எடிட்டரைப் பிடித்து உலுக்கியதில் ஸ்டார்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள், இப்போது அதே இடத்தில் "எது பெஸ்ட்?" என்று வாசகர் ஓட்டெடுப்பு அமோகமாக நடக்கிறது.