மைலேஜ் பாயின் நாலு லிட்டர்

வைத்திக்குப்பத்தில் யாகூப் வீடு எது என்றால் யோசிப்பார்கள். மைலேஜ் பாய் என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். ஐம்பத்தாறு வயதில் அவர் சம்பாதித்த ஒரே பட்டம் அது. சிக்னலில் இன்ஜினை அணைப்பார், எதிர்காற்று அடித்தால் பயணத்தையே தள்ளிப்போடுவார். எல்லைக்கு அந்தப் பக்கம் டீசல் விலை கூட என்பதால், இருபது வருடமாகத் தமிழ்நாட்டு பங்க்கில் ஒரு சொட்டு போட்டதில்லை.

மனைவி கனீஸ் பாத்திமாவின் கைப்பக்குவம் பிரியாணி. பதினைந்து வருடம் ஒரு காண்ட்ராக்டருக்குச் சமைத்தார்; உழைப்பு இவருக்கு, பெயர் அந்த ஆளுக்கு. போதும் என்று தனியாக வந்த பிறகு, திண்டிவனத்தில் ஒரு நிக்காஹ் சாப்பாடு கிடைத்தது. அவர் பெயரில் வரும் முதல் வெளியூர் ஆர்டர். அந்த நேரம் பார்த்துப் பழைய வேன் மூச்சை விட்டது.

குருசுக்குப்பத்து சொல்தா கஸ்தோன் தன் பிக்கப்பை விற்பதாக இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷனோடு வந்தவர், அதனால்தான் ஊருக்கு அவர் சொல்தா. நாலு சிலிண்டர் இன்ஜின். யானையைக் கட்டி இழுக்கும். அதில் அவர் ஏற்றிய ஒரே சரக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் மனைவி ஓதெத் அம்மாள்தான். அம்மாளுக்கு மூட்டுவலி, ஏற முடியவில்லை, அதனால் விற்பனை. கனீஸ் பாத்திமா பார்த்ததும் இதுதான் வேண்டும் என்றார். அது டீசலைத் தண்ணீராகக் குடிக்கும் என்று யாகூப் காதிலேயே வாங்கவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது இரண்டு சிலிண்டர் வண்டி. டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, காலாப்பட்டு வரை போய்த் திரும்பி, மறுபடி கழுத்துவரை நிரப்பிப் பார்த்தார். லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். எடை கூடும் என்று, வண்டியை விற்க வந்தவரையே நடுவழியில் இறக்கிவிட்டு ஓட்டிய கணக்கு அது.

நிக்காஹ் அன்று தம் போட்ட ஐந்து தேக்சா பிரியாணியும் வண்டியில் ஏறியது. போகவர நாலு லிட்டர் போதும், அதற்குமேல் ஊற்றினால் டீசலே பாரம் என்று அளந்து ஊற்றினார் யாகூப். கோரிமேட்டு ஏற்றத்திலேயே வண்டி இருமியது. வெறும் வண்டியில் போட்ட கணக்கு, பாரத்தில் மூன்றில் ஒன்றாகிவிட்டது. கிளியனூர் தாண்டி ஒரு பங்க் வந்தது. டீசல் முள் அடியில் கிடப்பதைக் கனீஸ் பாத்திமா காட்டினார்.

"இங்க கொஞ்சம் போட்டுக்கலாங்க."

"திரும்பி நம்ம ஊர்ல போட்டுக்கலாம்."

திண்டிவனத்துக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. யாகூப் பைக்காரர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து, அதே பங்க்குக்கே போய், இருபது வருட வைராக்கியத்தை உடைத்து ஒரு கேன் டீசல் வாங்கிவந்தார். ஊற்றியும் வண்டி அசையவில்லை. வற்றிப்போன டீசல் இன்ஜினுக்குள் காற்று புகுந்துகொண்டால், மெக்கானிக் வராமல் அது கிளம்பாது. வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை நேரம், தெரிந்த மெக்கானிக் பாய் யாரும் போனை எடுக்கவில்லை.

கனீஸ் பாத்திமா தேக்சாவின் மூடியில் கையை வைத்துச் சூடு பார்த்தார். கண் கலங்கியிருந்தது. யாகூப்புக்கு அவமானமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தார். பிறகு கனீஸ் பாத்திமாவே சொல்தாவுக்குப் போன் போட்டார்.

முக்கால் மணி நேரத்தில் கஸ்தோன் தன் பிக்கப்போடு வந்து கயிற்றைக் கட்டினார்.

"பாய், நியூட்ரல்ல போட்டு ஸ்டீரிங்க புடிச்சிக்கினு வாங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கனீஸ் பாத்திமா முன்வண்டியில் ஏறிக்கொண்டார். பின்னால் கயிற்றில் வந்த யாகூப், இத்தனை வெட்கத்திலும், ஒரு சொட்டுச் செலவில்லாமல் எட்டு கிலோமீட்டர் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்ன?

பந்தி முக்கால் மணி தாமதம். பெண் வீட்டார் முகம் கடுகடுவென்று இருந்தது. தம் உடைத்த வாசனைக்குப் பிறகுதான் இளகியது. மறுசோறு கேட்டவர்கள் போன் நம்பரும் கேட்டார்கள்.

மறுவாரம் சொல்தாவின் வண்டியைக் கனீஸ் பாத்திமா வாங்கி, தன் பெயருக்கே மாற்றிக்கொண்டார். டிரைவர் யாகூப்தான். அடுத்த திண்டிவனம் ஆர்டருக்குப் போகும்போது அதே பங்க் வந்தது. யாகூப் பார்க்காததுபோல் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"திருப்புங்க," என்றார் கனீஸ் பாத்திமா. "டேங்க் ஃபுல் பண்ணுங்க."

யாகூப் இறங்கிப்போய் டேங்க் மூடியைத் தன் கையாலேயே திறந்துவிட்டார்.