காப்புக் கட்டிய மாசியும் அம்மாவின் ஊசியும்

காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பு மேளத்தின் தோலைக் காய்ச்சும்போது எழும் கருகல் வாசனை லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரைகளுக்குள் புகுந்துவிட்டால், ஸ்பிரிங்வெளிப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் "காப்பு" கட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்ட கூத்துக்காரர் மட்டுமல்ல, அவர் வீட்டாரும் உறவுக்காரரும்கூடக் கூத்து முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டி வெளியே இராத்தங்கக் கூடாது.

எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்த மாசியில் அப்பா வழக்கம்போல காமன் எரிந்துபோக அழும் ரதி வேஷத்துக்குக் காப்புக் கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போய், மருந்து ஏற்றிக்கொண்டு, வார்டில் ஓரிரவு கிடந்து திரும்ப வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு "ஊசி" என்று பெயர். முதல் ஊசியிலேயே தலைமுடி கொட்டிவிட்டது. இரண்டாவது ஊசிக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் காப்பு நாட்களுக்கு நடுவில் வந்து விழுந்தது.

கூத்து மாஸ்டர் அப்பாவின் தாய்மாமன். ஊசிக்கு முந்தின நாள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு கெழம தள்ளிப் போட்டா என்னம்மா? காமன் கம்பம் ஊனுன எடத்த விட்டு வெளிய ராத்தங்குனா தோட்டத்துக்கே ஆகாது."

அம்மா முக்காட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மொட்டைத் தலையோடு அவளை அன்றுதான் அவர் பார்த்தார்.

"எனக்குள்ள இருக்குறது எல்லயப் பாத்தா நிக்குது, மாமா? மாருல இருந்தது அக்குளுக்கு வந்துருச்சு. டாக்டர் நாள் தவறக்கூடாதுன்னாரு. அது தாண்டலாம், நான் தாண்டக்கூடாதா?"

அப்பா மணிக்கட்டுக் கயிற்றில் கையை வைத்ததும் அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அத அவுத்தீங்க, நான் பஸ் ஏற மாட்டேன். உங்க ஆட்டமும் நடக்கணும், என் ஊசியும் நடக்கணும்."

ஆனால் வார்டில் அவளோடு தங்க யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரப் பெண்கள் எல்லாருமே காப்புக் கட்டிய வீட்டுக்காரிகள். அப்போதுதான் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து மேரி அத்தை வந்தாள். எங்கள் லயத்தில் மாதா படம் மாட்டியிருந்த ஒரே வீடு அவளுடையது.

"எங்க வீட்டுல காப்புமில்ல, காமனுமில்ல. சீக்காளிய தனியா அனுப்புனா எங்க சாமிதான் கோச்சுக்கும். விடியக்காலை பஸ்ஸுக்கு ரெடியா இரு அண்ணி, நான் வாரேன். அண்ணே, நீங்க ரதியா அழுறத கூத்துல வச்சுக்குங்க."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர்கள் போன அன்று லயத்தில் எங்களோடு ஒருவரும் பேசவில்லை. மேரி அத்தையின் புருஷன் சேவியர் மாமாதான் ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, என்னையும் தம்பியையும் தன் பிள்ளைகளோடு உட்கார வைத்துப் போட்டார். மறுநாள் அம்மா வாந்தியும் சிரிப்புமாக வந்து இறங்கினாள். தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மலையில் கொழுந்து எப்போதும்போல் துளிர்த்தது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி எப்போதும்போல் கத்தினார். சாயங்காலம் மாஸ்டரின் பெண்சாதியே கஞ்சிச் சட்டியோடு வந்தாள்.

"அந்த மனுசன் சொல்லிக்கிட்டுக் கெடக்கட்டும். நீ குடி புள்ள."

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஊசிக்கும் அம்மாவோடு கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தி துணைக்குப் போனாள். போனவளின் பிள்ளைகளுக்கு இன்னொருத்தி வீட்டில் சோறு. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, அதுவாக நடந்தது.

பதினாறு வயதில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பெறுபேறு வந்த பிறகுதான் அம்மா கண்ணை மூடினாள்.

இன்று அந்த லயம் இல்லை, இடித்துவிட்டுத் தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். மேரி அத்தை குடும்பம் ஹாலிஎலப் பக்கம் குடியேறிவிட்டது. காப்புக் கட்டியவனே பசறைக் கடையில் வேலைக்குப் போய் அங்கேயே இராத்தங்கிவிட்டு வருகிறான், எல்லையை யாரும் காப்பதில்லை. ஆனாலும் ஒரு முணுமுணுப்பு மட்டும் சாகவில்லை. இந்த மாசியிலும் பெரியப்பா முறையுள்ள ஒருவர் என் காதுபடச் சொன்னார்: "அன்னைக்கு எல்ல தாண்டுனதாலதான் அவ நெலைக்கல."

நான் விடவில்லை. "தாண்டுனதாலதான் பெரியப்பா, எங்கம்மா அஞ்சு வருசம் எங்ககூட இருந்துச்சு. இனி இந்தத் தோட்டத்துல யாருக்கு வந்தாலும் நானே கூட்டிட்டுப் போவேன். எந்த மாசமா இருந்தாலும்."