நெட்வொர்க் கார்டுக்குச் சந்தனம்

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் பழைய ஒயர்கள் கிடந்த பிஸ்கட் டின்னைக் காலி செய்துகொண்டிருந்தோம். ஒரு கையில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, மறுகையால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தகட்டை எடுத்தாள். "அப்பா, ஏட்டா ஃபேலே தேபோ? ஓரத்துல துரு பிடிச்சிருக்கு" என்றாள். தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்கிறாள். எங்கள் வீட்டில் பாதி வாக்கியம் வங்காளியில் போன பிறகுதான் தமிழ் வரும். நான் பாய்ந்து பிடுங்கியதில் டின் கவிழ்ந்தது. மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். தூசி நாற்றம்தான். சந்தன வாசனை வந்த மாதிரி நானாக நினைத்துக்கொண்டேன், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

அது ஒரு நெட்வொர்க் கார்டு. கம்ப்யூட்டருக்குள் இதைச் செருகி, இன்டர்நெட் ஒயரை இதன் வாயில் மாட்டினால்தான் அந்தக் காலத்தில் உலகம் நம் வீட்டுக்குள் வரும். அன்று காலையில்தான் மகளுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். டீ ஆறுவதற்குள் அது வைஃபையைத் தானே கண்டுபிடித்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

இருபது வருஷத்துக்கு முந்தி கதையே வேறு. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் காப்பிப்பொடி அரைக்கும் மணம், மறுபக்கம் மீன் கடை. இரண்டையும் ஒரே மூச்சில் இழுத்து வளர்ந்தவன் நான். மாடியில் பௌதி இருந்தார். வங்காளியில் அண்ணி என்று அர்த்தம். தெருவே அப்படிக் கூப்பிட்டதில் அவர் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவர் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். துறைமுகம் வந்தால்தான் அவரிடமிருந்து தகவல் வரும். அந்த வருஷம் நவராத்திரியை ஒட்டி வரும் பூஜைக்கு முன்னால், 'தசமியன்று காலை பதினோரு மணிக்குச் சாட்டில் வருகிறேன். ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்' என்று மெயில் போட்டிருந்தார். நாலு மாதம் கழித்து ஒரு மணி நேரம்.

பௌதியின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, எதைத் திறந்தாலும் நின்று போனது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தெரியாது என்ற வார்த்தை வாயில் வராத வயது. "கவலையை விடுங்க பௌதி, லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு, வைரஸே அண்டாது" என்று, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியை எடுத்துக்கொண்டு சப்தமியன்று மாடிக்குப் போனேன். பழையதை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். திரை அழகாக வந்தது. பாட்டு பாடியது. இன்டர்நெட் மட்டும் இல்லை. கார்டு என்று ஒன்று உள்ளே இருப்பதே லினக்ஸுக்குத் தெரியவில்லை.

கார்டை ஓட்ட டிரைவர் என்கிற மென்பொருள் வேண்டும், டிரைவரை எடுக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்குக் கார்டு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். வேறு கார்டு வாங்கிப் போடலாம் என்றால் அதுவும் ஆகாது. எங்கள் தெருவுக்கு நெட் கொடுத்தவர் கேபிள் டிவிக்காரர். மொட்டை மாடிகள் வழியாக நீல ஒயர் இழுத்து, அவரவர் கார்டின் நம்பரைத் தன்னிடம் பதிந்து வைத்திருப்பார். கார்டு மாறினால் லைன் வராது. நம்பரை மாற்றிக் கொடுக்க வேண்டிய ஆட்களெல்லாம் பூஜைப் பந்தலில் டாக் மேளத்தின் அடிக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். சைபர் கஃபேக்காரரும் ஏகாதசி வரை கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, பெஹாலாவில் இருந்த ஆபீஸ் நண்பனுக்கு நவமியன்று போன் செய்தேன். பெட்டியின் மேல் இருந்த பெயரைச் சொன்னதும் சிரித்தான். "டேய், பெட்டியப் பாத்து ஏமாறாதே. ஒரே பெட்டியில மூணு தினுசு சிப்பு வெச்சு விக்கிறான். கார்டைக் கழட்டி, சிப்பு மேல இருக்கற நம்பரைப் படிச்சுச் சொல்லு."

கழற்றினேன். எழுத்து எறும்புக்கால் அளவு. கார்டைக் கீழே எங்கள் வீட்டு மேஜையில் வைத்துவிட்டு, பூதக்கண்ணாடி இரவல் வாங்கப் பக்கத்துச் சந்தில் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனேன். நல்ல நாளில் போனால் லேசில் விடுவார்களா? சுண்டல், பேச்சு, இன்னொரு கிண்ணம் சுண்டல். திரும்பி வந்தால் மேஜை காலி.

அம்மா ஆயுத பூஜையை முடித்திருந்தாள். கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், அப்பாவின் பேனா, இவற்றுக்கு நடுவில் என் நெட்வொர்க் கார்டு. சிப்பின் மேல், நம்பர் இருந்த அதே இடத்தில், கொழகொழவென்று சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே!"

"நீதானேடா சொன்னே, இது இல்லேன்னா எதுவும் ஓடாதுன்னு? அப்ப இதுவும் ஆயுதம்தானே?"

கையை நீட்டினேன். "நாளைக்குக் காலம்பர மறுபூஜை ஆகட்டும். அதுவரைக்கும் தொட்டே, பாரு!" நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பௌதியைக் கூட்டி வந்தேன். அவருக்காகவாவது அம்மா இளகுவாள் என்று ஒரு நப்பாசை. பௌதி கார்டைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தாக், ஆஜ் சுயோ நா. மாஷிமா டிக்கி போல்ச்சேன்" என்றார். இருக்கட்டும், இன்றைக்குத் தொடாதே, அம்மா சொல்வது சரிதான். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடாமல் வளர்ந்தவர், வேறென்ன சொல்வார்? ஆனால் படியேறும்போது பாதியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை அம்மாவும் பார்த்தாள். என் வாய்ச்சவடாலை நினைத்து எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எட்டு மணிக்குச் செய்கிற மறுபூஜையை அம்மா ஆறு மணிக்கே செய்தாள். ஈரப் பஞ்சால் சிப்பைத் தானே துடைத்து என்னிடம் கொடுத்தாள். ராத்திரி முழுக்கப் பந்தல் சுற்றிய நண்பன் போனை எடுக்கவே பத்து மணி ஆனது. நம்பரைச் சொன்னதும், "அட மடையா, அதுக்கு உன் சிடியிலேயே டிரைவர் இருக்கு" என்று, கீபோர்டில் அடிக்க ஒரு வரி சொன்னான். மாடிக்கு ஓடி, கார்டைச் செருகி, அந்த வரியை அடித்தேன். கார்டு இல்லை என்றது. மறுபடியும் அடித்தேன். இல்லை. மணி பத்தே முக்கால். பௌதி நல்ல புடவை கட்டிக்கொண்டு நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

என் பின்னாலேயே வந்திருந்த அம்மா, "கழட்டு, பாப்போம்" என்றாள். கார்டை வெளிச்சத்தில் பிடித்து, "இந்தத் தங்கப் பல்லுல பாரு, சந்தனம் வழிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா, சந்தனம் எங்க போய் ஒட்டும்னு?" என்றாள். பென்சில் ரப்பரால் தேய்த்தேன். செருகினேன். அடித்தேன்.

பச்சை விளக்கு மினுக்கியது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

பௌதி ஒற்றை விரலால் தட்டிய முதல் வரியே சந்தனக் கதைதான். அந்தப் பக்கம் அவர் கணவர், எங்களுக்குத் தாதா, அதாவது அண்ணன், சிரித்துச் சிரித்து எழுதியதைப் பௌதி சத்தமாகப் படித்தார். மாஷிமாவுக்கு விஜயா ப்ரணாம், அதாவது தசமி நமஸ்காரம், சொல்லச் சொன்னாராம். அம்மா திரையைப் பார்த்துக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தாள். பிறகு என் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். பகல் முழுக்கப் பௌதி கொடுத்த தேங்காய் உருண்டையைத் தின்றோம்.

மறுநாள் அம்மா குங்குமச் சிமிழோடு மாடிக்கு வந்து, கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றச் சொன்னாள். கார்டின் ஓரத்தில் இருந்த இரும்புப் பட்டையில் ஒரு பொட்டு வைத்தாள். "இந்தத் தடவை நம்பர் மேல வெக்கலைடா, பாத்துக்கோ."

அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். மொட்டை மாடி ஒயர்கள் போயின, கேபிள்காரர் போனார். கம்ப்யூட்டரை விற்றபோது பௌதி அந்தக் கார்டை மட்டும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். தாதா ரிட்டையர் ஆகி, பௌதியோடு பெஹாலாவில் தினமும் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். எந்தக் கம்ப்யூட்டரும் இப்போது என்னை எதுவும் கேட்பதில்லை. அம்மா போய் மூன்று வருஷமாகிறது.

"சொல்லுப்பா, துருவைத் துடைச்சுட்டாவது வெக்கவா?" என்றாள் மகள்.

"துரு இல்லைம்மா. என் அம்மா வெச்ச பொட்டு."

அவள் ஈரத்துணியைக் கீழே வைத்தாள்.