திரைக்குப் பின்னால் தூக்கிய கை

மோர்னிங்சைட் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கூட்டம். இலங்கையில் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம்; கனடாவில் இருந்துகொண்டு அதை எதிர்த்துத் தீர்மானம் போட வேண்டுமாம். நான் போனது ராத்தாவுக்காக. என் அக்கா, இலங்கையில் புத்தளத்தில் இருக்கிறாள். இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தும் புருசனிடமிருந்து விடுதலை கேட்டு, முஸ்லிம் விவாக வழக்குகளைத் தீர்க்கும் காழியின் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்கிறாள். அவன் தலாக் சொல்ல நினைத்தால் காரணமே தேவையில்லை. அவள் கேட்டால் காரணமும் வேண்டும், சாட்சியும் வேண்டும். வக்கீல் வைக்கவும் விடமாட்டார்கள். சட்டம் திருந்தினால்தான் அவளுக்கு விடிவு.

மண்டபத்தின் நடுவே வழக்கம்போல் திரை. ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். எங்கள் பக்கத்துக்கு ஓர் ஒலிபெருக்கியும் ஒரு தட்டுப் பற்றிஸ் பலகாரமும் தந்திருந்தார்கள்.

"அல்லாஹ்வின்ட சட்டத்தில அரசாங்கம் கைவைக்க ஏலாது!" என்று தலைவர் முழங்கினார். மார்க்கம் நகரில் மாளிகை மாதிரி வீடு வைத்திருப்பவர். பாராளுமன்றத்தில் நிறைவேற்றி, அரசாங்க அச்சகத்தில் அச்சடித்த சட்டம் அது. ஆண்களுக்கு வசதியானதற்கெல்லாம் அல்லாஹ்வின் பெயரை ஒட்டிவிடும் இந்த வித்தையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து நேரமும் தொழுகிறவள் நான். கோபம் அல்லாஹ்வுக்காகவும் சேர்த்துத்தான்.

இத்தனைக்கும் இந்த மனுசனின் மகளுக்கு விவாகரத்து வாங்கித் தந்தது ஒன்ராறியோ கோர்ட். பிள்ளைகளும் பாதி வீடும் அவளுக்கென்று தீர்ப்பானபோது, எங்களைக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டவர் இவர்.

"தீர்மானத்துக்கு எதிரானவங்க கையைத் தூக்குங்க," என்றது ஒலிபெருக்கி. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிக் கைகள் எழுந்தன, கடித்த பற்றிஸோடு ஒன்று உட்பட.

"ஒருத்தருமில்ல. ஏகமனதா நிறைவேறிட்டுது."

துணியைப் பார்த்துக் கை தூக்கியபடி இருந்தோம். "இறக்குங்க புள்ளையள்," என்றார் பக்கத்திலிருந்த மாமி. நான் எழுந்து போய்த் திரையை விலக்கினேன்.

"காக்கா, எங்கட கையை ஆர் எண்ணினது?" என்று தலைவரை அண்ணன் முறை வைத்தே கேட்டேன்.

"பொம்பிளையள்ட கருத்து எங்களுக்குத் தெரியும்தானே தங்கச்சி."

"உங்கட மகளின்ட வழக்கையும் காழியிட்டயா கொண்டு போனீங்க?"

"அது கனடா. இங்க அந்தச் சட்டமில்லையே." முகத்தில் வெட்கத்தின் பொட்டுக்கூட இல்லை.

"இல்லாதபடியாத்தான் உங்கட மகள் தப்பினா."

அதற்குள் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஞாபகம் வந்துவிட்டது. கதிரைகள் இழுபட்ட சத்தத்தில் கூட்டம் முடிந்தது.

மறுநாள் காலை ராத்தா அழைத்தாள். "அங்க என்ன முடிவாம்?"

"நாங்க கையைத் தூக்கினோம் ராத்தா. திரைக்குப் பின்னால. ஒருத்தரும் பார்க்கல்ல."

அவள் சிரித்தாள். "இங்கயும் இண்டைக்கு என்னை வெளியில இருத்திப்போட்டு, எனக்கு விவாகரத்து வேணுமா எண்டு காழி என்ட புருசனிட்டத்தான் கேட்டவர்."

"அவர் என்ன சொன்னவர்?"

"எனக்கு வேணாமாம்."